எட்டாங்கட்டையில் எரியாத லயம்

போன மாதம் அந்த அமெரிக்க இயக்குநர் காலமானார். மறுநாள் காலை கோலாலம்பூரிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. பேசியது கவிதா. சினிமாப் படப்பிடிப்புகளுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவள். நான் ஓய்வு பெறும்வரை இருபத்தாறு வருடம் செய்ததும் அதே வேலைதான்.

"அக்கா, நீங்க அவரு படத்துல வேலை செஞ்சிங்கதானே? ரெண்டு நிமிஷம் பேசி அனுப்புங்கலா. அவரு உண்மையிலேயே நல்லவரா, இல்ல சும்மா வேஷமானு மட்டும் சொல்லுங்க. எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க."

"ரெண்டு நிமிஷத்துல சொல்ற கதையில்லமா அது."

"சரிக்கா, சுருக்கமா சொல்லுங்க. இப்பல்லாம் எங்க வேலையே சுருங்கிப்போச்சு. அம்பது பேரு நின்னா போதும், கம்ப்யூட்டரு ஐயாயிரம் பேரா ஆக்கிடும். ஆளு தேட வேணாம், சோறு போட வேணாம், பிரச்சினையே இல்ல."

பிரச்சினையே இல்லை என்று அவள் சந்தோஷமாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருட வேலையில் நான் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளக்கூடிய காலைப்பொழுது ஒன்றே ஒன்றுதான். அது கூட்டம் பிரச்சினை செய்த காலைப்பொழுது. ஆகவே இரண்டு நிமிடக் குரலுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். அவசரமாகப் போகிறவர்கள் போகலாம்.

இயக்குநரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவரைக் கும்பிடுகிறவர்களும் வருவார்கள், காறித் துப்புகிறவர்களும் வருவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் டீ போட என்னால் ஆகாது. அவருடைய நாட்டில் பாதிப் பேர் அவரை மனசாட்சி என்றார்கள், மீதிப் பாதி துரோகி என்றார்கள். போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களைப் பற்றி அவர் எடுத்த முதல் படத்தைச் சொந்த ஊர்த் தியேட்டர்காரர்களே போட மறுத்திருக்கிறார்கள். ஒருமுறை அவருடைய காரில் சிவப்புச் சாயத்தை ஊற்றியிருக்கிறார்கள். அவரும் சும்மா இருக்கிற ஆளில்லை. யாராவது மைக்கை நீட்டினால் போதும், சொந்த அரசாங்கத்தைக் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டுத்தான் வாயை மூடுவார். எங்கள் ரப்பர் தோட்டத்து ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் தொப்பித் துரை. இந்தக் கட்டுரைக்கு அந்தப் பெயரே போதும்.

என் பெயர் தனலெட்சுமி. ஈப்போவில், புந்தோங்கில் இருக்கிறேன். முதலில் ஒரு பஸ் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். வெளிநாட்டுப் படக் கம்பெனி ஒன்று ஈப்போவுக்கு வந்தபோது தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசும் பெண் வேண்டும் என்றார்கள். பத்து நாள் வேலை என்று போனேன், அதிலேயே இருந்துவிட்டேன். தொழில் கற்ற கதையை வளர்த்த விருப்பமில்லை. தப்புச் செய்தேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொடுத்தவர் மிஸ்டர் லியோங். படக் கம்பெனிகளுக்கு உள்ளூர் ஏற்பாடுகளைச் செய்து கொடுக்கும் ஈப்போ சீனர். குரலை உயர்த்தி நான் கேட்டது ஒரே ஒருமுறைதான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் வேர்க்கடலை இருக்கும். கோபம் வந்தால் கடலை உடைக்கும் வேகம் குறையும், அவ்வளவுதான். ஒரு கடலையை உடைக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். அவர் வைத்த சட்டங்கள் மூன்று. பஸ்ஸில் ஏறும்போது தலையை எண்ணு, சாப்பிடும்போது எண்ணு, இறங்கும்போது எண்ணு; இது முதல் சட்டம். கூட்டம் சாப்பிட்ட பிறகுதான் நாம் சாப்பிட வேண்டும். எந்தக் காகிதத்தையும் கடைசிப் பக்கம்வரை படிக்காமல் யாரிடமும் நீட்டக்கூடாது. முதல் இரண்டையும் நான் ஒருநாளும் மீறியதில்லை.

கூட்டத்தை நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. வெறும் ஆட்களாக நிறுத்தினால் படத்தில் பொம்மைகளைப் போலத் தெரிவார்கள். குடும்பம் குடும்பமாக நிறுத்த வேண்டும். அப்போதுதான் அம்மா பிள்ளையின் சட்டையை இழுத்துவிடுவாள், புருஷன் பெண்டாட்டியைப் பார்த்து முறைப்பான். கைக்கடிகாரம், பிளாஸ்டிக் வளையல், புதுச் செருப்பு எல்லாவற்றையும் கழற்றி வாங்கிப் பையில் போட்டுப் பெயர் எழுத வேண்டும். மணிக்கட்டில் ஆளுக்கொரு கலர் துணி கட்டி, நேற்று யார் எங்கே நின்றாரோ இன்றும் அங்கேயே நிறுத்த வேண்டும். கேமரா ஓடும் முன் துணியை அவிழ்த்துவிட வேண்டும். இத்தனையையும் ஒலிபெருக்கியில் கத்திச் செய்ய முயன்ற உதவி இயக்குநர்கள் தொண்டை கட்டிப் போனதுதான் மிச்சம்.

எனக்கு ஒரு குறுக்கு வழி தெரிந்திருந்தது. தோட்டத்து ஜனங்களுக்குப் பெரட்டு என்றால் ரத்தத்தில் ஊறியது. விடிவதற்கு முன் களத்தில் வரிசையாக நிற்பார்கள், பெயரைக் கூப்பிட்டால் "இருக்கேன்" என்பார்கள், அதன் பிறகுதான் ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்கே போவார்கள். தோட்டங்களை எண்ணெய்ச் செம்பனை போடுகிறவனும் வீடு கட்டுகிறவனும் வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்தால் போதும், இருநூறு பேரும் ஐந்து நிமிடத்தில் வரிசையில் நிற்பார்கள். வெள்ளைக்காரர்கள் இதை அதிசயமாகப் பார்த்தார்கள். ஜனங்கள் என்னைக் கேலியாகக் கங்காணி அக்கா என்று கூப்பிட்டார்கள். எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பெருமைதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

தொப்பித் துரை எங்கள் பக்கம் வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. பெயர் சொல்லாத ஒரு நாட்டில் அமெரிக்க ரப்பர் கம்பெனி ஒன்றை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள், கம்பெனி அவர்களுடைய வீடுகளைக் கொளுத்துகிறது. அதுதான் படத்தின் கதை. இடம் பார்க்க ஈப்போவிலிருந்து சுங்காய் போகும் வழியில் காரில் அவருக்குப் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அவருடைய அப்பா இரும்பாலைத் தொழிலாளியாம். வேலைநிறுத்தத்தில் சேர்ந்ததற்காகக் கம்பெனி அவர்களை வீட்டைவிட்டு வெளியே தள்ளிவிட்டதாம். அப்போது இவருக்கு ஏழு வயது. மேசை, கட்டில், அம்மாவின் தையல் மெஷின் எல்லாம் பனியில் கிடந்ததைச் சொன்னார். தான் எடுத்த எல்லாப் படமும் அந்தப் பனியிலிருந்து வந்ததுதான் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு பழைய பத்திரிகைகளைப் பார்த்தேன், ஒவ்வொரு பேட்டியிலும் அந்தத் தையல் மெஷின் இருந்தது.

அவர் பிடித்த இடம் எட்டாங்கட்டை, அதாவது எட்டாவது மைல் தோட்டம். பால் மரங்களைப் பாதி வெட்டியாகிவிட்டது. வீடமைப்புக் கம்பெனி ஒன்று நிலத்தை வாங்கியிருந்தது. ஒரே ஒரு லயம் மட்டும் நின்றது. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வரிசையாக ஆறு வீடுகள், ஆறு குடும்பங்கள். மாற்று வீடு கொடுக்காமல் எங்களை வெளியேற்றக்கூடாது என்று அவர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி நாகம்மா அக்கா. முப்பது வருடம் பால் வெட்டியவர், புருஷனை இழந்தவர், வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர். அவர்களுடைய வக்கீல் ஈப்போவில் இருந்த ஒரு பெண். அந்த அம்மா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார். வழக்கு முடியும்வரை வீட்டில் குடியிருக்க வேண்டும், தாமாக வெளியேறினால் வழக்கு செத்தது.

முதல் சில வாரம் நன்றாகத்தான் போனது. ஜனங்கள் தன்னைத் துரை என்று கூப்பிடுவதைக் கேட்டு அது என்ன வார்த்தை என்று இயக்குநர் என்னிடம் விசாரித்தார். தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றேன். முகம் சிவந்துவிட்டது. இரண்டு நாள் தொப்பி போடாமல் வெயிலில் அலைந்தார். ஜனங்கள் அவரைத் தொப்பி இல்லாத துரை என்றார்கள். மூன்றாம் நாள் தொப்பி தலைக்கு வந்துவிட்டது.

கடைசியில் வீடுகள் எரியும் காட்சி வந்தது. அதற்கென்றே பெரட்டுக்களத்தின் ஓரத்தில் கலைப் பிரிவினர் நான்கு வீடு கட்டியிருந்தார்கள். ஒரு வாரம் மழை அடித்தது. பலகை உப்பிச் சாயம் வழிந்து பார்க்கச் சகிக்கவில்லை. இயக்குநர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு திரும்பி லயத்தைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்ததை நானும் பார்த்தேன். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துத் தயாரிப்பு அலுவலகத்திலிருந்து ஆறு படிவங்கள், எங்கள் பேச்சில் பாரங்கள், வந்தன. லயத்தில் படம் எடுக்கப்போகிறோம், ஐந்து நாள் சுங்காயில் தங்க இடம் தருகிறோம், குடும்பத்துக்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மூன்று பக்கம், எல்லாம் ஆங்கிலம். முதல் பக்கத்தைப் படித்தேன். ஐந்து நாள் என்று இருந்தது. காலைப் பெரட்டில் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டேன், ஒவ்வொருவராக வந்தார்கள், கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். பெரட்டில் நின்று கூப்பிட்ட பெயருக்கு வந்து காட்டிய இடத்தில் விரலை வைப்பது அவர்கள் காலமெல்லாம் செய்தது. நாகம்மா அக்கா மட்டும் ஒரு வார்த்தை கேட்டார்.

"என்னா சூராட் தனம் இது?"

"ஷூட்டிங் கடுதாசிதான்க்கா. அஞ்சு நாளு சுங்காயில இருந்துட்டு வந்துரலாம்."

"நீ சொன்னா சரிலா."

மறுநாள் சாப்பாட்டு வேளையில் மிஸ்டர் லியோங் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் பேசியது மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு, தமிழில் எழுதுகிறேன். ஒரு பாரத்தின் நகலை எடுத்து, மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, என் பக்கமாகத் தள்ளினார். பையிலிருந்து ஒரு கடலையை எடுத்து ஒரு வரியின்மேல் வைத்தார். இன்னொரு கடலையை எடுத்து உடைக்க ஆரம்பித்தார். அதை உடைத்து, தோலை ஊதி, வாயில் போட்டு, மென்று முடிக்கும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடலைக்குக் கீழே இருந்த வரி இதுதான். கையொப்பமிடுபவர் தம் சுயவிருப்பத்தின் பேரில் வீட்டை முழுவதுமாகக் காலி செய்து, நில உரிமையாளரிடம் ஒப்படைக்கிறார்.

வீடமைப்புக் கம்பெனியின் வக்கீல் எழுதிக் கொடுத்த வரி அது. காட்சிக்கு லயத்தையே கொளுத்தப்போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அனுமதி கேட்டபோது அந்தக் கம்பெனிக்காரர்கள் சிரித்துக்கொண்டே சரி என்ற காரணமும் புரிந்தது. வருடக்கணக்கில் அவர்களால் அசைக்க முடியாத ஆறு வீட்டை ஒரு சினிமாக்காரன் கொளுத்தித் தரப்போகிறான், அந்த வீட்டுக்காரர்களே எழுதியும் கொடுத்துவிட்டார்கள். வாங்கிக் கொடுத்தவள் நான்.

"நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லாத லா. எனக்கும் லைசென்ஸ் இருக்கு, குடும்பம் இருக்கு."

"இப்ப நான் என்ன செய்யணும் பாஸ்?"

"பாரம் அவங்க ஆபீசுக்குப் போயாச்சு. திரும்பி வராது." கடலையை எடுத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். "நீ படிச்சிருக்கணும்."

ஈப்போ வக்கீல் அம்மாவுக்குப் போன் போட்டேன். நான் அழுததைக் கேட்டு அவர் இரக்கப்படவில்லை. இரக்கப்பட்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. அந்தக் காகிதத்தை எதிர்க்கலாம் என்றார். படித்துக் காட்டாமல் வாங்கியது என்று வாங்கியவளே சாட்சி சொல்ல வேண்டும். காகிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் அவர்கள் வீட்டைவிட்டு இறங்கவில்லை, இறங்க மறுத்தார்கள் என்பதற்கு ஆதாரமும் வேண்டும். அவர்கள் இறங்கி, லயமும் எரிந்துபோனால், பிறகு எந்த நீதிபதியாலும் ஒன்றும் செய்ய முடியாது. எரிப்பதற்கு இரண்டு நாள் இருந்தது.

நேராக இயக்குநரிடம் போனேன். மழைக்காகப் போட்ட கூடாரத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை முழுவதும் சொன்னேன். வழக்கு விவரமோ மூன்றாம் பக்கமோ தனக்குத் தெரியாது என்றார். அதை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் ஆறு வீட்டில் ஆட்கள் குடியிருப்பது அவருக்குத் தெரியும்.

"தனம், இந்தப் படத்தை உலகமே பார்க்கும். இப்படிப்பட்ட ஜனங்களுக்கு என்ன நடக்கிறது என்று உலகத்துக்குத் தெரியும்."

"உலகத்துக்குத் தெரியும்போது இவங்க ரோட்டுல இருப்பாங்க சார்."

"நான் அவர்களுக்கு வேறு வீட்டுக்கு ஏற்பாடு செய்கிறேன்."

"உங்க ஏற்பாடு வேணாம். அவங்களுக்குச் சேர வேண்டியதுக்குத்தான் கேசு போட்டிருக்காங்க."

அவர் வரைபடத்தைச் சுருட்டினார். அப்போதுதான் கேட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "காருல சொன்னிங்களே, பனியில கெடந்த தையல் மெஷினு. அது உண்மையா சார்?"

அவர் சுருட்டிய வரைபடத்தை மேசைமேல் வைத்தார். கூடாரத்தின் ஓரத்தில் மழைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரர்களுடையது," என்றார். "அப்பா வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. நாங்கள் உள்ளே இருந்து பார்த்தோம். அம்மா திரையை இழுத்துவிட்டாள்."

அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நாளை மறுநாள் காலை கூட்டத்தைத் தயாராக வைத்திருக்கும்படி சொன்னார். அவ்வளவுதான். நிறுத்துகிறேன் என்றும் சொல்லவில்லை, எரிக்கிறேன் என்றும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலமே லயத்துக்குப் போனேன். ஆறு வீட்டுக்காரர்களும் நாகம்மா அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். என் தப்பை மறைக்காமல் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. அக்கா மட்டும் எழுந்து வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். பிறகு உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார்.

"கெளம்புங்கனு சொன்னா கெளம்ப மாட்டோம்லா. ஆனா கதவ சாத்திக்கிட்டு உள்ள உக்காந்தா, ஆளு இல்லைனு எழுதிக்குவானுங்க," என்றார்.

"பெரட்டுல பேரு கூப்புடுவேன்க்கா," என்றேன். "களத்துக்கு வராதீங்க. உங்க வாசல்ல நின்னு பதில் சொல்லுங்க."

அந்தக் காலை மழை இல்லை. தீயணைப்பு வண்டி வந்து நின்றது. லயத்தின் பின்பக்கம் எரிவாயுக் குழாய்கள் போட்டிருந்தார்கள். வீடமைப்புக் கம்பெனியின் ஆள் கையில் பைலோடு ஒரு குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். களத்தில் கூட்டம் வரிசையாக நின்றது. அவர்கள் வேறு தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள். லயத்துக்காரர்களின் வரிசை மட்டும் காலியாக இருந்தது. நான் நோட்டைத் திறந்தேன்.

"நாகம்மா."

"இருக்கேன்."

சத்தம் லயத்திலிருந்து வந்தது. களத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் வீட்டு வாசல்படியில் அக்கா நின்றிருந்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். இரண்டாவது வாசலிலிருந்து பதில் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று எல்லாருடைய பெயரையும் கூப்பிட்டேன். ஆறு வாசலும் நிறைந்துவிட்டது.

உதவி இயக்குநர் ஒலிபெருக்கியில் அவர்களை இறங்கச் சொல்லிக் கத்தினார். பைல்காரன் எழுந்து போய் நாகம்மா அக்காவிடம் காகிதத்தைக் காட்டினான். "அம்மா, இங்க பாருங்க, சைன் பண்ணியிருக்கீங்க. நீங்களே வீட்ட விட்டுட்டீங்க. இப்ப பேச முடியாது."

"கைநாட்டு என்னோடதுதான்," என்றார் அக்கா. களத்தின் கடைசிவரை கேட்டது. "படிச்சிக் காட்டாம வாங்குனது அந்தா நிக்கிறாளே தனம், அவ. வச்ச நானும் இங்கதான் இருக்கேன், வாங்குன அவளும் இங்கதான் இருக்கா. வீடும் இங்கதான் இருக்குலா. கொளுத்துறதுன்னா எங்களையும் சேத்துக் கொளுத்து."

அவன் என் பக்கம் திரும்பினான். வேலை போகும், இனி ஒரு கம்பெனியும் கூப்பிடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் நோட்டை மூடிவிட்டு லயத்துக்கு நடந்து போய் அக்காவின் படியில் ஏறி நின்றேன். நான்தான் வாங்கினேன், மூன்றாம் பக்கத்தை நானும் படிக்கவில்லை, இவர்களுக்கும் படித்துக் காட்டவில்லை, ஐந்து நாளில் திரும்பலாம் என்று சொல்லித்தான் வாங்கினேன் என்று தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னேன்.

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். கேமரா எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. ஒலிப்பதிவுக்காரர் நீளக் கம்பில் மைக்கை எங்கள் தலைக்குமேல் பிடித்திருந்தார். நான் முதல் பெயரைக் கூப்பிட்டு அக்கா பதில் சொன்னதுமே இயக்குநர் கேமராக்காரரின் தோளைத் தட்டியிருக்கிறார். கிளாப் பலகை அடித்திருக்கிறார்கள், அதில் தேதி எழுதியிருக்கிறது. எனக்கு எதுவும் காதில் விழவில்லை. பிலிம் தீரும்வரை பதினொரு நிமிடம் ஓடியது. தயாரிப்பாளரின் ஆள் வந்து நிறுத்தச் சொன்னபோது இயக்குநர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நியாயத்துக்காக ஓடவிட்டாரா, நல்ல காட்சி என்று ஓடவிட்டாரா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. சொந்த வீடு எரிந்தாலும் அந்த மனிதர் முதலில் கேமராவைத்தான் தேடுவார். ஆனால் பிலிம் தீர்ந்ததும் அவர் சொன்ன வார்த்தை எனக்குத் தெரியும். குழாய்களைக் கழற்றுங்கள் என்றார்.

அன்று மத்தியானம் மிஸ்டர் லியோங் என்னைக் கூப்பிட்டு, தயாரிப்பு அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி, உனக்கு வேலையில்லை போ என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரலை உயர்த்தியது அன்றுதான். மூன்று வாரம் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பெரிய கடலைப் பொட்டலம். ரொம்பக் கனமாக இருந்தது. உள்ளே கடலைக்கு நடுவில் ஒரு வீடியோ நாடாவும் ஒரு கடிதமும் இருந்தன. இந்த நாடாவில் இருப்பது வெட்டாமல் ஒட்டாமல் உள்ளபடி எடுத்தது என்று இயக்குநர் கையெழுத்துப் போட்டிருந்தார். எடுத்த பிலிமெல்லாம் படக் கம்பெனிக்குச் சொந்தம், வெளியே கொடுத்தால் வழக்கு வரும். தெரிந்துதான் கொடுத்தார். வழக்கும் வந்தது. அடுத்த படம் அவர் கையைவிட்டுப் போனது. சொந்த ஊர்ப் பத்திரிகைகள் வழக்கம்போலத் துரோகி என்று எழுதின.

"கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுக்க," என்று சொல்லிவிட்டு மிஸ்டர் லியோங் போனார். மறுவருடம் அவரே என்னை வேலைக்குக் கூப்பிட்டார்.

நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் என்னைப் பொய்க்காரி என்றார், வேலை போன ஆத்திரத்தில் பேசுகிறாள் என்றார். நான் அசையவில்லை. நாடாவைப் போட்டுக் காட்டினார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் அதே தோட்டத்தின் ஓரத்தில் ஆறு குடும்பத்துக்கும் ஆறு கல்வீடு கிடைத்தது. அதன் பிறகுதான் லயம் இடிபட்டது.

அந்தப் படத்தைப் பின்னாளில் பார்த்தேன். கலைப் பிரிவினர் புதிதாகக் கட்டிய வீடுகள் அதில் தகதகவென்று எரிகின்றன. அந்தக் காட்சியைப் பாராட்டி எழுதாத ஆளில்லை, பொய் என்று திட்டாத ஆளும் இல்லை. இரண்டு தரப்பும் பார்த்தது கலைப் பிரிவினர் கட்டிய பலகையைத்தான். அந்தப் பதினொரு நிமிடம் எந்தப் படத்திலும் இல்லை, வழக்குக் காகிதக் கட்டுக்குள் இருக்கிறது. தையல் மெஷின் கதையை மட்டும் அந்த மனிதர் அதற்குப் பிறகு எந்தப் பேட்டியிலும் சொன்னதாக நான் பார்க்கவில்லை.

கவிதா, இனி உனக்குச் சொல்கிறேன். உன் கம்ப்யூட்டர் செய்யும் ஐயாயிரம் பேர் சொன்ன இடத்தில் நிற்பார்கள். நல்லதுதான், வைத்துக்கொள். காகிதத்தை நீட்டி ஏமாற்றினால் வாசலில் நின்று திருப்பிக் கேட்கவும், ஏமாந்து வாங்கியவளின் கன்னத்தில் அறையவும் அவர்களால் ஆகாது. பிரச்சினை செய்யாத கூட்டத்தை வைத்துக்கொண்டு நீ என்ன படம் வேண்டுமானாலும் எடு, என்னைக் கூப்பிடாதே.

இயக்குநர் இறந்த செய்தியைச் சொல்ல எட்டாங்கட்டைக்குப் போயிருந்தேன். நாகம்மா அக்காவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், வாய் மந்தமில்லை. அவருடைய கல்வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தொப்பித் துரை செத்துப்போயிட்டாரு."

"யாரு?"

"தொப்பித் துரைக்கா. சினிமாக்காரரு."

அக்காவின் கை நின்றது. நல்லவரா கெட்டவரா, என்ன நோய், என்ன வயது, எதையும் கேட்கவில்லை.

"சொந்த வீட்லயா செத்தாரு?"

பத்திரிகையில் படித்தது ஞாபகம் வந்தது. "ஆமாக்கா. சொந்த வீட்லதான்."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த கொத்துக் கீரையை எடுத்தார்.